எழுபது வளைவு ஐஸ்க்ரீம்!

அக்டோபர் கடைசி வாரம் வந்தா போதும்... ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல ஒரு பூசணிக்காய் பல்லை இளிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுது. ஹாலோவீன் பார்ட்டியாம்! அயர்லாந்துக்காரங்க டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வெச்ச பழக்கம், அமெரிக்கா போய் பூசணியா மாறி, ஐ.டி. ஆபீஸ் வழியா இப்போ நம்ம கேம்பஸுக்கும் வந்தாச்சு. (நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு நம்ம ஊர்ல மெழுகுவத்தி ஏத்துறாங்களே... அதுவும் இதுவும் ஒரே காலண்டர் குடும்பம்தான் பாஸ்!)

எங்க செட்டுல ஒருத்தனுக்கு சொந்த ஊர் கொல்லிமலை, திண்ணனூர் நாடு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடுன்னு அந்த மலையில ஊராட்சிக்கெல்லாம் 'நாடு'ன்னுதான் பேர். 'உங்க வீட்டுக்கு வர விசா வேணுமாடா?'ன்னு நாலு செமஸ்டரா ஓட்டியாச்சு. இந்த வருஷம் பார்ட்டி அங்கேதான், மெனு பேய் கேக், அதுவும் அடுக்கடுக்கா ஐஸ்க்ரீம்லன்னு முடிவாச்சு. டிராகுலா முகம் வைக்கலாம்னு ஒருத்தன் ஆரம்பிக்க, நம்ம மலைக்காரன் பொங்கிட்டான். 'எங்க ஊர்லயே ரெண்டாயிரம் வருஷ ஆளு இருக்கும்போது ருமேனியாவுலேர்ந்து எதுக்குடா இறக்குமதி?'

அவன் சொன்னது கொல்லிப்பாவையை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறுன்னு சங்கப் பாட்டுகள்ல வர்ற அதே பாவை. தெய்வம் செஞ்சு வெச்ச சிலை. கிட்ட வர்றவனைப் பார்த்து சிரிச்சே மயக்கும், சிரிச்சே கொல்லும்னு கதை. செம மேட்டர் என்னன்னா, அந்தக் காலத்து ஹீரோ தன் ஆளை வர்ணிக்கிறப்போ 'கொல்லிப்பாவை மாதிரி இருக்கா'ன்னு உருகுறான். (இன்னிக்குச் சொல்லிப் பாருங்க, செருப்பு பறக்கும்!) காத்து, மழை, இடி, நிலநடுக்கம் எது வந்தாலும் அந்தப் பாவையோட அழகு மாறாதுன்னு நற்றிணையில ஒரு பாட்டு சொல்லுது. அந்த முகத்தை, பத்தே நிமிஷத்துல உருகுற ஐஸ்க்ரீம்ல செய்யறதுதான் ப்ளான்.

ப்ளானுக்கு வேட்டு வெச்சது அவனோட ஆயா. 'ஏங்கண்ணு, அது சாமியில்ல? சாமி மூஞ்சியக் கத்தில வெட்டித் திம்பீங்களா?'

ஒரு நிமிஷம் கப்சிப். நமக்கு அது பாட்டுல வர்ற கேரக்டர். அந்த மலை ஜனங்களுக்கு எட்டுக்கை அம்மனா கோயில்ல இருக்கற சாமி. ரெண்டும் ஒண்ணுதான்னு அங்கே நம்புறாங்க. 'கேக்குல பிள்ளையாரே செய்யறாங்களே ஆயா'ன்னு ஒருத்தன் வாதாடிப் பார்த்தான். செய்யறது ஒண்ணும் இல்ல, வெட்டுறதுதான் இடிக்குதுன்னு இன்னொரு கோஷ்டி. எனக்கு ஆயா கட்சிதான் சரின்னு பட்டுச்சு. டிராகுலாவை வெட்டினா வருத்தப்பட ஊர்ல ஆள் இல்ல, இங்கே எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க. முகம் கட். அதுக்கு பதிலா ராத்திரி நேரத்து மலை, மேலே சாக்லேட்ல ரோடு. காரவள்ளி அடிவாரத்துலேர்ந்து ஏறுற அந்த 70 கொண்டை ஊசி வளைவு. மழை பெய்யற ராத்திரியில அதுல பஸ்ல வந்து பாருங்க, தனியா பேய் வேண்டியதில்ல!

சரி, கிச்சனுக்கு வருவோம். அஞ்சு அடுக்கு. அடியில சாமை மாவை நெய்ல வாசம் வர வறுத்து, வெல்லப் பாகும் உடைச்ச வேர்க்கடலையும் கலந்து அழுத்தினது. பாகு கம்மியா இருக்கணும், இல்லேன்னா உறைஞ்சதும் பல்லுக்கு ஆபத்து. ரெண்டாவது, கொல்லிமலை காபியில கெட்டி டிகாக்ஷன் போட்டு, அடிச்ச க்ரீமும் மில்க்மெய்டும் சேர்த்த ஐஸ்க்ரீம். இருட்டுக் கலர் இதுலதான். மூணாவது மலைவாழைப் பழம், ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டு மசிச்சது. நாலாவது 'ரத்தம்': அன்னாசியை பீட்ரூட் சாறுல வேகவெச்சு சுண்டினது. அன்னாசியைப் பச்சையா பால் ஐட்டத்துல போடவே கூடாது. அதுல இருக்கற ப்ரோமலைன்ங்கிற என்சைம் பால் புரதத்தை உடைச்சு கசப்பாக்கிடும். கொதிக்க வெச்சா என்சைம் காலி. உச்சியில சாக்லேட், அதுல துளி மிளகுத்தூள்.

ஒரு அடுக்கு கல்லு மாதிரி இறுகின பிறகுதான் அடுத்ததை ஊத்தணும். அடுக்குக்கு ரெண்டு, மூணு மணி நேரம். அவசரப்பட்டா எல்லாம் கலந்து கூழ்தான்.

மூணாவது அடுக்கு ஊத்தின நேரம்... கரன்ட் போச்சு. ஐப்பசி மழை. மலையில எப்போ வரும்னு யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜை மூடியே வெச்சிருந்தா கொஞ்ச நேரம் தாங்கும், ஆனா பாதி உறைஞ்ச பால் சமாசாரம் முழுசா உருகி, அப்புறம் மறுபடி உறைஞ்சா கிருமி பெருகி வயித்தைப் பதம் பார்த்துடும். பன்னெண்டு பேர் சாப்பிடற ஐட்டம், சும்மா விட முடியுமா?

இங்கேதான் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி கை கொடுத்துச்சு. பாலும் சர்க்கரையும் கலந்த கலவை ஜீரோ டிகிரியில உறையாது, அதுக்கும் ரெண்டு, மூணு டிகிரி கீழே போகணும். அதனால வெறும் ஐஸ்ல வெச்சா வேலைக்கு ஆகாது. ஐஸ் மூணு பங்குக்கு கல் உப்பு ஒரு பங்கு போட்டா, உப்பு ஐஸை உருகவைக்கும். உருகறதுக்கு வேணும்கிற வெப்பத்தைச் சுத்துப்பட்ட பொருள்கிட்டேர்ந்தே உருவிக்கும். அந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்க முடியும்! ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி, பீப்பாயைக் கையால சுத்தி ஐஸ்க்ரீம் செஞ்சவங்க டெக்னிக் இதுதான். சேந்தமங்கலத்துலேர்ந்து தெர்மாகோல் பெட்டியில கொண்டுவந்த ஐஸை உடைச்சு, பெரிய வாளியில உப்போட மாத்தி மாத்திப் போட்டு, டின்னை நடுவுல இறக்கி, உப்புத் தண்ணி உள்ளே போகாம மூடி, கோணி சுத்தி வெச்சோம். டின் பாட்டுக்கு இறுக ஆரம்பிச்சுது. விடியக்காலம் கரன்ட் வந்தப்போ நாலாவது அடுக்கே ரெடி!

கேக்லேர்ந்து புகை வரணும், ட்ரை ஐஸ் வாங்கலாம்னு ஒருத்தன் கேட்டிருந்தான். ஸ்ட்ரிக்ட்டா நோ. அது மைனஸ் 78 டிகிரி கார்பன் டை ஆக்ஸைடு. தொட்டா தோல் வெந்துடும், வாயில போனா சொல்லவே வேணாம். 2024 மார்ச்ல குருகிராம்ல ஒரு ஓட்டல்ல மவுத் ஃப்ரெஷ்னர்னு தப்பா இதைக் கொடுத்து, சாப்பிட்டவங்க ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மூடின பாட்டில்ல போட்டா வெடிக்கும். ஜன்னலை ஏத்தின கார்ல வெச்சு 70 வளைவு ஏறினா டிரைவருக்கே மூச்சு முட்டும். கல்ச்சுரல்ஸ்ல புகை விடற ஆசாமிகள் கவனிக்க! எங்களுக்கு அது தேவையும் படலை. சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வெச்சோம், மலைப்பனி ஓசியில உள்ளே வந்துச்சு.

டின்னைச் சுத்தி வெந்நீர்த் துணியால ஒத்தி எடுத்தா கேக் அலுங்காம கழண்டு வரும். கத்தியையும் வெந்நீர்ல நனைச்சுக்கணும். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சான்னு புறநானூறு சொல்லுதே... அதே ஸ்டைல்ல ஒரே வெட்டு, அஞ்சு அடுக்கு!

ஆயாவுக்கு ஐஸ்க்ரீம் பல்லு கூசுதாம். அடியில இருந்த சாமையை மட்டும் சுரண்டிச் சாப்பிட்டாங்க. ஒரு காலத்துல அவங்க காட்டுல சாமைதான், உரல்ல குத்தியே கை காய்ச்சுப் போச்சாம். இப்போ அந்தக் காட்டுல மரவள்ளி, கிழங்கு ஜவ்வரிசி மில்லுக்குப் போகுது. அதுலதான் கையில காசு வருதுன்னு கூச்சமே இல்லாம சொன்னாங்க. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுதேன்னு நான் ஆரம்பிச்சேன். 'அப்பிடியா சாமி? குத்தறதுக்கு ஆள் அனுப்புனாங்களா?'ன்னு கேட்டுட்டு, இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினாங்க.