கிலோக் கணக்கில் மறையும் நேரம்

திருச்சி துவாக்குடியிலோ சென்னை அம்பத்தூரிலோ ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை உரிமையாளரிடம் டிராயிங்கைக் காட்டி விலை கேளுங்கள். எடையைக் கணக்கிட்டு, 'கிலோவுக்கு இவ்வளவு' என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். அதே வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் தெளிவான பதில் கிடைக்காது. நம் பட்டறைகள் உழைப்புக்கேற்ற லாபம் காணாமல் போவதற்கு முதல் காரணம் இந்த இடைவெளிதான் என்று கருதுகிறேன்.

கிலோக் கணக்கு வந்த பின்னணியில் நியாயம் இருக்கிறது. 1960-களில் திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது. அதைச் சுற்றித் துணைத் தொழிற்கூடங்கள் வளர்ந்தன. பிளேட்டும் பீமும் பெரிய நிறுவனத்திடமிருந்தே வரும். வெட்டி, இணைத்து, வெல்டு செய்து திருப்பித் தருவதற்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே மாதிரியான கனமான வேலை ஆண்டு முழுவதும் வந்தவரை அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே இருந்தது. கடந்த பத்தாண்டில் அனல் மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது பட்டறைகள் சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, கட்டடக் கட்டமைப்பு, கன்வேயர் என்று கிடைத்த வேலைகளுக்கெல்லாம் போக வேண்டியிருந்தது. வேலை மாறியும் கணக்கு மாறவில்லை.

ஒரு டன் எடையுள்ள தூண் என்றால் சில பிளேட்டுகள், நீளமான சில வெல்டுகள். அதே ஒரு டன்னுக்குக் கைப்பிடிக் கம்பியும் படிக்கட்டும் செய்ய நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டி, மார்க் செய்து, துளையிட்டு, டேக் போட்டு, கிரைண்டிங் செய்ய வேண்டும். இரண்டையும் எடையால் அளந்து விலை சொல்பவர் தூணில் வந்த லாபத்தைப் படிக்கட்டில் இழக்கிறார். எங்கே இழந்தோம் என்பது அவருக்கே தெரிவதில்லை.

லாபம் குறைந்ததும் பலருக்கு முதலில் தோன்றும் தீர்வு புது மெஷின். வங்கிக் கடன் எடுத்து லேசர் கட்டிங்கோ புதிய வெல்டிங் செட்டோ வாங்குகிறார்கள். ராடு வைத்துக் கையால் செய்யும் வெல்டிங்கில், எட்டு மணி நேர ஷிஃப்டில் ஆர்க் எரியும் நேரம் பொதுவாக 20 முதல் 30 சதவீதம்தான். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மீதி ஆறு மணி நேரம் பிளேட்டைத் தேடுவது, கிரேனுக்குக் காத்திருப்பது, துண்டுகளைப் பொருத்துவது, ராடு மாற்றுவது, ஸ்லாக் தட்டுவது, இன்ஸ்பெக்டர் வரும்வரை நிற்பது என்று கழிகிறது. வெல்டிங் வேகத்தை இரட்டிப்பாக்கும் மெஷினே வந்தாலும் மிச்சமாவது அந்த இரண்டில் ஒரு மணி நேரம். ஆறு மணி நேரம் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் மாதத் தவணையும் சேர்ந்துகொள்கிறது. மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு மணி நேரத்தைக் கவனித்த பிறகு வாங்குங்கள் என்கிறேன்.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1950-இல் ஹிரோஷிமாவில் உள்ள டோயோ கோக்யோ ஆலையில் ஒரு பெரிய பிரஸ்ஸில் அச்சு மாற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அச்சைப் பொருத்தும் போல்ட் ஒன்றைக் காணவில்லை. அதைத் தேடி ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்த தொழிலாளி, கடைசியில் வேறொரு அச்சுக்குரிய நீளமான போல்ட்டை எடுத்து வெட்டி, மரை போட்டுக் கொண்டுவந்தார். அத்தனை நேரமும் பிரஸ் நின்றது. மெஷின் நின்றால்தான் செய்யக்கூடிய வேலைகள் வேறு, அது ஓடும்போதே செய்து வைத்துக்கொள்ளக்கூடிய வேலைகள் வேறு என்று ஷிங்கோ பிரிக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். 1969-இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் நான்கு மணி நேரமாக இருந்த அச்சு மாற்றத்தை முதலில் 90 நிமிடமாகவும், பின்னர் மூன்றே நிமிடமாகவும் குறைத்தார்கள். நம் பெண்டிங் மெஷின் பக்கத்திலும் அந்த போல்ட் தேடல் தினமும் நடக்கிறது. டை எங்கே, ஆலன் கீ எங்கே, டேப் எங்கே என்று. அடுத்த வேலைக்கான டையும் டிராயிங்கும் பிளேட்டும், நடப்பு வேலை முடியுமுன் மெஷின் அருகே வந்து சேர வேண்டும் என்ற ஒரு விதியை வைத்தாலே போதும். அதற்குக் கடன் தேவையில்லை.

வெல்டிங்கின் அளவு பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டறையின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. டிராயிங்கில் 6 மி.மீ. ஃபில்லெட் என்று இருக்கும். வெல்டர் 8 மி.மீ. போடுவார். இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் உலோகம் அந்த அளவின் வர்க்கத்தின்படி கூடுகிறது: 36-க்குப் பதில் 64. அதாவது 78 சதவீதம் அதிகம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 140 கிராம் போக வேண்டிய இடத்தில் 250 கிராம் போகிறது. ராடு, மின்சாரம், நேரம் மூன்றும் அதே விகிதத்தில் கூடுகின்றன. அதோடு நிற்பதில்லை. கூடுதல் சூட்டில் பிளேட் வளைகிறது. வளைந்ததை கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றி நிமிர்த்த இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். கணக்கிட்ட அளவே தாங்கும் இணைப்பில் இந்தக் கூடுதலால் எந்தப் பயனும் இல்லை.

இதற்கு வெல்டரைக் குறை சொல்வது அநியாயம். கையால் கேஸ் கட்டிங் செய்த விளிம்பு நேராக இல்லாததால் பொருத்தும்போது இடைவெளி விழுகிறது. அதை அவர் உலோகத்தால் நிரப்புகிறார். வேலை திரும்பி வந்தால் பழி தன்மேல் விழும் என்ற பயமும் உண்டு. சில நூறு ரூபாய் விலையுள்ள வெல்டு கேஜை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. வெட்டும் இடத்தில் விட்ட 2 மி.மீ.க்கு வெல்டிங், கிரைண்டிங், நிமிர்த்தல் என்று மூன்று இடங்களில் கூலி கொடுக்கிறோம். கட்டிங்கைச் சீராக்குங்கள், திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு ஒரு ஃபிக்ஸ்சர் செய்யுங்கள்; வெல்டிங் செலவு தானாகக் குறையும்.

வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த, வந்த ஆர்டர்களையெல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும் பழக்கமும் நமக்குண்டு. 'உங்க வேலையை ஆரம்பிச்சாச்சு சார்' என்று ஃபோனில் சொல்ல அது உதவும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய எளிய சமன்பாடு இதன் விலையைக் காட்டுகிறது. தொடங்கி முடியாமல் கிடக்கும் வேலைகள் 40, தினமும் முடிபவை 4 என்றால், ஒரு வேலை வெளியேறச் சராசரியாக 10 நாள் ஆகும். கிடப்பதை 20 ஆக்கினால் அதே ஆட்கள், அதே மெஷின்களோடு 5 நாளில் வெளியேறும். பாதியில் நிற்கும் ஒவ்வொரு ஃபிரேமும் இடத்தை அடைக்கிறது, கிரேனை மறிக்கிறது, போட்ட பணத்தை முடக்குகிறது.

முறையை மேம்படுத்துவது தொழிலாளியை விரட்டி வேலை வாங்குவதாக மாறிவிடக் கூடாது. வேலையைப் புரட்டிப் போட ஒரு பொசிஷனரோ ரொட்டேட்டரோ இருந்தால், தலைக்கு மேல் வெல்டு செய்பவர் நிமிர்ந்து நின்று கீழ்நோக்கிச் செய்யலாம். வேகமும் கூடும், தரமும் கூடும், அவர் கழுத்தும் தோளும் பிழைக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகை உறிஞ்சியும் நல்ல முகக்கவசமும் உற்பத்திச் செலவின் ஒரு பகுதி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைப்பவருக்குப் புரியும் மொழியில் குறிப்பு எழுதி ஒட்டுவதும் அப்படித்தான்.

உரிமையாளரை மட்டும் குற்றம் சாட்டி முடித்துவிடவும் முடியாது. முடித்துக் கொடுத்த வேலைக்கு ஐந்தாறு மாதம் கழித்துப் பணம் வந்தால் அவர் எதை வைத்து ஃபிக்ஸ்சர் செய்வார்? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வட்டி உண்டு. தாமதிக்கும் நிறுவனம் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வரிக்கணக்கில் கழிக்க முடியும் என்று 2023-இல் திருத்தமும் வந்தது. ஆனால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற அச்சத்தில் பட்டறைக்காரர் புகார் கொடுக்கத் துணிவதில்லை. பெரிய நிறுவனங்கள் தாங்களாகவே இந்த 45 நாளை மதிக்க வேண்டும். டன்னுக்கு விலை கேட்பதை விட்டு, எத்தனை மீட்டர் வெல்டிங், எத்தனை துளை, எத்தனை மணி நேரம் என்று பிரித்து விலைப்புள்ளி கேட்கவும் வேண்டும்.

2023 மார்ச்சில் மத்திய அரசு புதுப்பித்த 'லீன்' திட்டத்தில், உற்பத்தி முறையைச் சீராக்க வரும் ஆலோசகரின் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. மாவட்டத் தொழில் மையங்களும் தொழில் சங்கங்களும் இதைப் பட்டறை வாசல் வரை கொண்டுசெல்ல வேண்டும். அதுவரை உரிமையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை போட்டு, கட்டிங், ஃபிட்டப், வெல்டிங், கிரைண்டிங், பெயின்டிங் ஒவ்வொன்றும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடுவே எதற்காக நின்றது என்பதை எழுதச் சொல்லுங்கள். மூன்று மாத அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த விலையைச் சொல்லுங்கள்.