பெரிய மைக் வேண்டாம், பக்கத்துல வர்ற மைக் போதும்!



ஸ்ரீரங்கத்துப் பெரியவங்க குரலைப் பதிவு செஞ்சு கம்ப்யூட்டர்ல சேர்த்து வைக்கணும்னு நம்ம தமிழ் மன்றத்துல முடிவு செஞ்சிருக்கோம். தாலாட்டு, கும்மிப் பாட்டு, கொள்ளிடத்துல வெள்ளம் வந்த கதை, சித்திரைத் தேர் பார்த்த கதை எல்லாம் அதுல வரணும். ரொம்ப நல்ல முடிவு. ஆனா இப்போ பேச்சு எங்கே வந்து நிக்குது? "மிக்சர் வேணும், ஸ்டுடியோ மைக் வேணும், பணம் சேரட்டும், அடுத்த வருஷம் ஆரம்பிக்கலாம்" என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாட்டை கிராமபோன் தட்டில் பதிவு செய்தபோது மின்சார மைக்கே கிடையாது. ஒரு புனல்தான். அதுக்குப் பக்கத்துல வாயை வச்சுப் பாடணும். நம்ம திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. எந்த வானொலி ஸ்டுடியோவா இருந்தாலும் வெளிச் சத்தம் வராத கதவும், எதிரொலி வராத சுவரும்தான் அங்கே முதல் தேவை. மைக் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். இந்த ரெண்டுலயும் நமக்குப் பாடம் இருக்கு: கிட்ட வை, அமைதியான இடத்துல வை.

இதுக்குக் காரணம் நம்ம இயற்பியல் புத்தகத்துலயே இருக்கு. தூரம் பாதியானா ஒலிச் செறிவு நாலு மடங்கு ஆகும். ஃபேன் சத்தமும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஹாரனும் அப்படியேதான் இருக்கும், பாட்டி குரல் மட்டும் கூடும். இருபதாயிரம் ரூபாய் மைக்கை நாலடி தள்ளி வைக்கிறதைவிட, ஒரு சாண் தூரத்துல இருக்கிற சாதா மைக்ல பேச்சு தெளிவா விழும்.

சரி, எதைத்தான் வாங்குறது?

1. மேடை மைக்: திருவிழாவுல, கல்யாண மண்டபத்துல பார்க்கிறது. உறுதியானது. ஆனா அதுல இருந்து வர்ற சிக்னல் ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டர்ல நேரா சொருகினா முணுமுணுப்புதான் கேட்கும். நடுவுல ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும்.

2. ஸ்டுடியோ கண்டென்சர் மைக்: இதுக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று தனிப் பெட்டி வாங்கணும். மைக் செலவோட அதுவும் சேரும். போதாக்குறைக்கு அடுத்த வீட்டு மிக்சி சத்தத்தையும் விடாம பிடிச்சுத் தரும்!

3. யுஎஸ்பி மைக்: ஒலியை எண்களா மாத்துற சர்க்யூட் உள்ளேயே இருக்கு. சொருகினா போதும். ஆனா மேஜை முன்னாடி அசையாம உட்கார்ந்து பேசுறவங்களுக்குத்தான் சரி.

4. காலர் மைக்: ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. பாட்டி திண்ணையில சாய்ந்து உட்கார்ந்தபடியே பேசலாம். மைக் இருக்கிறதே மறந்துபோகும். கதை தானா வரும்.

என் ஓட்டு காலர் மைக்குக்குத்தான்!

வாங்கும்போது பிளக்கைப் பாருங்க. மூணு வளையம் இருந்தா செல்போனுக்கும், ஒரே ஓட்டை உள்ள லேப்டாப்புக்கும் சேரும். ரெண்டு வளையம்னா மைக்குக்குத் தனி ஓட்டை உள்ள டெஸ்க்டாப்புக்கு. அதுல ரோஸ் கலர் மைக்குக்கு, நீலம் லைன்-இன். வீட்டுல இருக்கிற பழைய கேசட்டை ஏத்தணும்னா டேப்ரிக்கார்டர் வயரை நீலத்துல சொருகணும். ரோஸ்ல சொருகினா கரகரன்னு உடைஞ்சுதான் கேட்கும்.

சாஃப்ட்வேருக்குச் செலவே இல்லை. 2000-ல் வெளிவந்த ஆடாசிட்டி இன்னிக்கும் இலவசம். நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 5 எம்.பி. ஒரு 32 ஜி.பி. பென்டிரைவ்ல கிட்டத்தட்ட 100 மணி நேரம் அடங்கும். முதல்ல வேவ் ஃபைலா சேமிக்கணும். எம்பி3 ஆக்கினால் கழிச்சுப் போட்ட ஒலி திரும்ப வராது. திரையில அலை உச்சிக் கோட்டைத் தொடாம பார்த்துக்கணும். தொட்டா ஒலி வெட்டுப்படும், அதைச் சரி பண்ண முடியாது.

"நாளைக்குக் கச்சேரி பதிவு பண்ணணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நல்ல மைக் வேணும்தான். அதை அப்போ வாங்கிக்கலாம். இப்போ நமக்கு வேண்டியது பேச்சும், வாய்ப்பாட்டும். அதுவும் பேசப் போறவங்க எண்பது வயசைத் தாண்டினவங்க. நம்ம பட்ஜெட் கூட்டம் முடியுற வரைக்கும் காலம் காத்திருக்குமா?

பெரிய கோயில் அரையர் சேவை வாய்வழியா, தலைமுறை தலைமுறையா வந்திருக்கு. கத்துக்கொடுக்க அரையர் குடும்பம் இருக்கு, கத்துக்கப் பிள்ளைகள் இருக்காங்க. நம்ம தெருப் பாட்டி பாடுற தாலாட்டுக்கு யார் இருக்கா? அவங்க பேத்தி செல்போன்ல பாட்டு போட்டுத்தான் குழந்தையைத் தூங்க வைக்கிறாங்க. பாட்டியோட அந்தப் பாட்டும் போயிடும்.

அதனால தமிழ் மன்றத்துக்கு என் வேண்டுகோள்: ரெண்டு காலர் மைக் வாங்குவோம். மீதிப் பணத்துல ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒண்ணைப் பள்ளியிலயும் இன்னொண்ணை வேற இடத்துலயும் வைப்போம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பெரியவங்ககிட்ட அனுமதி கேட்டு, இந்த மாசமே ஆரம்பிப்போம்.

மைக் அடுத்த வருஷமும் கடையில இருக்கும். குரல் இருக்குமா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— பதினோராம் வகுப்பு மாணவன்