பெயர் முந்திற்று, பொருள் பிந்திற்று!

"பொருளைக் கண்டவன் இட்ட பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதற்குத் தமிழில் ஒரு பெயர் எதற்கு?" என்பார் தமிழகத்தில் இன்றும் உளர். பொருளைக் கண்டவனே பெயரிடுவான் என்னும் அவர்தம் எண்ணம் பிழையென்பதைக் கரிக்கோலின் உள்ளீடாகிய எழுதுகரியே காட்டிவிடும்.

எழுதுகரி, ஏட்டின்மேல் ஏடாக அடுக்குண்ட கரிமப் பொருள். அதன் ஓரேடு ஓர் அணுவளவே தடிப்புடையது. செருமானிய வேதியியலார் ஆன்சு பீட்டர் போமும் துணைவரும், 'எழுது' எனப் பொருள்படும் கிரேக்க வேரினின்று வந்த எழுதுகரியின் பெயரையே திரித்து, அதற்குக் 'கிராபீன்' எனப் பெயரிட்டது 1986-இல். மான்செசுட்டர்ப் பல்கலைக்கழகத்து ஆந்திரே கெய்மும் கான்சுடன்டின் நோவோசெலோவும் பசைப்பட்டையால் அவ்வோரேட்டை உரித்தெடுத்து, அதன் மின்னியல்பை ஆய்ந்து வெளியிட்டது 2004-இல். பெயருக்குப் பின் 18 ஆண்டு கழித்தே பொருள் கைக்கு வந்தது! 2010-இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாலின்மேற் படிவது பாலேடு. கரியினின்று உரிவது கரியேடு. இப்பெயர்கொண்டே அவர்தம் ஆய்வைக் கூறலாம். சிலிக்கன் என்னும் குறைகடத்தித் தகடு. அதன்மேல் 300 நானோமீட்டர் தடிப்பில் மின்காப்புப் படலம். அதற்கும் மேலே கரியேடு. அடித்தகட்டிற்கு மின்னழுத்தம் தந்தால் ஏட்டின் கடத்துதிறன் மாறும். நேரழுத்தம் தரின் எதிர்மின்னிகள் பெருகி மின்னைச் சுமக்கும். எதிரழுத்தம் தரின் துளைகள் சுமக்கும்.

ஆயினும் ஓட்டத்தை முற்றாக நிறுத்த இயலவில்லை. கரியேட்டில் ஆற்றல் இடைவெளி இல்லை, கதவுண்டு, தாழில்லை. 2009-இல் பெர்க்கிலி ஆய்வாளர் ஈரேட்டுக் கரியின் குறுக்கே மின்புலம் செலுத்தி, 0.25 எதிர்மின்னி வோல்ட்டு வரை அவ்விடைவெளியைத் திறந்தனர். 2024-இல் அமெரிக்கச் சியார்சியாத் தொழில்நுட்பக் கழகத்தாரும் சீனத் தியன்சின் பல்கலைக்கழகத்தாரும் சிலிக்கன் கார்பைடின்மேல் வளர்த்த ஏட்டில் 0.6 எதிர்மின்னி வோல்ட்டு இடைவெளி கண்டனர்.

இவ்வளவும் சொல்லத் தமிழ் எங்கே தயங்கிற்று? குறைகடத்தி, மின்புலம், எதிர்மின்னி, ஆற்றல் இடைவெளி ஆகிய யாவும் தமிழறிஞர் முயன்று ஆக்கிய சொற்கள். சிலிக்கனும் வோல்ட்டும் இன்னும் அயற்பெயராகவே நிற்பது தமிழின் வறுமையன்று, தமிழரின் மடி.

சொல்லில்லாத துறையில் சிந்தனை வேரூன்றாது. அத்துறையைத் தமிழ் மாணவன் மனப்பாடம் செய்வானேயன்றித் தனதாக்கிக் கொள்ளான். அறிவியலை இழந்த மொழி அடுப்பங்கரையோடு நின்றுவிடும். தமிழாசிரியரும் இயற்பியலாசிரியரும் ஒரு பலகைமுன் கூடுக! அயலார் பொருளும் பெயரும் வந்திறங்கும்வரை காத்திராது, பெயர் செய்க, பொருளும் செய்க!