பெட்டிமுடியில் மழை மட்டும்தான் குற்றவாளியா?

2020 ஆகஸ்ட் 6 இரவு கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பான பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரை விழுங்கியது இயற்கையின் செயலாம். அதற்கு முதலாளி பொறுப்பில்லையாம். கடலில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்ச் செத்தவர்களுக்குக் கிடைத்ததைக் கொழுந்து பறிப்பவர்கள் கேட்பது பேராசையாம். தோட்ட நிர்வாகங்களுக்காக வாதாடுகிறவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்தும் பார்க்காமல் இவ்வளவு உரக்கப் பேச எங்கிருந்து துணிச்சல் வருகிறது?

அப்போது நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 16ஏ பிரிவு, முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டக் கணக்குப்படி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இயற்கைப் பேரிடருக்கு விலக்கு இருந்ததுதான். ஆனால் இடிபாட்டுக்கு அது ஒன்றே நேரடிக் காரணமாக இருந்தால்தான் அந்த விலக்கு. அந்த ‘ஒன்றே’ என்பதை விழுங்கிவிட்டுத்தான் இவர்கள் பிரிவை ஒப்பிக்கிறார்கள். மலையிலிருந்து நீர் இறங்கும் வழியில் லயம் கட்ட இடம் பார்த்தது மழையா? வேலை போனால் வீடும் போகும் என்ற கட்டுக்குள் வாழ்கிறவர் வேறு எந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்?

இனி கடலுக்கு வருவோம். 2021 மே மாதம் டவ்தே புயலில் பாம்பே ஹை எண்ணெய் வயல் அருகே பணியாளர்கள் தங்கியிருந்த பி-305 மிதவை மூழ்கியது. அதோடும் வரப்பிரதா இழுவைக் கப்பலோடும் போன உயிர்கள் 86. அதுவும் இயற்கைதானே? ஆயினும் புயல் எச்சரிக்கை வந்தபிறகும் மிதவை ஏன் அங்கேயே நின்றது என்று நாடே கேட்டது. கேப்டன் மீது வழக்குப் பதிவானது. ஒப்பந்த நிறுவனமான ஆஃப்கான்ஸ் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்துக் குடும்பத்துக்கு 35 முதல் 75 லட்சம் வரை அறிவித்தது. புயலில் மனிதப் பிழையைத் தேடத் தெரிந்த நாட்டில், மண்சரிவில் மட்டும் தேடக் கூடாதென்பது எந்த ஊர் நியாயம்?

பேராசை என்கிறார்களே, கணக்கைப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபாய் கூலி வாங்கிய 40 வயதுத் தொழிலாளிக்கு 1923 சட்டப்படி பாதிக் கூலியை 184.17ஆல் பெருக்க வேண்டியிருந்தது: 9,20,850 ரூபாய். பெட்டிமுடியில் உயிருக்குக் கேரள அரசு அறிவித்தது 5 லட்சம். மறுநாள் கரிப்பூர் விமான விபத்தில் இறந்தவர்களுக்கோ அதே அரசு 10 லட்சம். இந்த வேறுபாட்டைத் தொழிலாளி கேட்டால் பேராசை; கேட்காவிட்டால் விதி என்று ஏற்றுக்கொண்ட நல்ல பிள்ளை. அரசு தந்த உதவித் தொகையைக் காட்டி முதலாளியின் கடனை அடைத்துவிடலாம் என்பதுதான் இந்த வாதத்தின் அடிமடியில் இருக்கும் கணக்கு.

லயங்களுக்கு அந்த இடத்தைத் தேர்ந்தது யார், எச்சரிக்க என்ன ஏற்பாடு இருந்தது என்பதைச் சட்டப்படி விசாரித்து முடிக்காதவரை, ‘இயற்கை’ என்று சொல்லும் தகுதி எந்தத் தோட்ட நிர்வாகத்துக்கும் இல்லை.