புத்தூர் கட்டைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

வடமாலபேட்டையில் 28 நாளில் யோகா ஆசிரியர்களை உருவாக்கித் தருவதாகச் சொல்லும் அன்பர், தன் பயிற்சிக்கு முதல் நியாயமாகக் காட்டுவது புத்தூர் கட்டை. பக்கத்து ஊரில் எலும்பு கட்டுகிறவர்கள் எந்தக் கல்லூரியில் உடற்கூறியல் படித்தார்கள், சென்னையிலிருந்தெல்லாம் அவர்களைத் தேடி ஜனங்கள் வரவில்லையா, கைக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். இந்தப் பக்கத்தில் புத்தூர் கட்டின் பெயரைச் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. அந்த மரியாதையைத் தன் வியாபாரத்துக்கு முதலாக்குகிறார் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புத்தூர் கட்டு 1881-இல் கேசவ ராஜுவிடம் தொடங்கியது என்பார்கள். அன்றிலிருந்து ஒரு குடும்பத்தின் கைகளில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. மூங்கில் தப்பையை எவ்வளவு இறுக்குவது, பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவிய துணியை எங்கே தளர்த்துவது என்பதெல்லாம் பெரியவர்கள் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்று, பார்த்து, திட்டு வாங்கிப் பழகுகிற வேலை. அந்த வைத்தியத்தின் மேல் எலும்பு மருத்துவர்களுக்கு உள்ள ஆட்சேபங்களில் சில எனக்கும் உண்டு. அந்த வழக்கு வேறு. இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: வெளியூர் ஆள் ஒருவரை 28 நாள் உட்கார வைத்து, சான்றிதழைக் கையில் கொடுத்து, இனி நீ போய் எலும்பு கட்டு என்று அனுப்புவது அந்த மரபில் நடக்கிற காரியமா? நீங்கள் கூப்பிட்ட சாட்சி உங்களுக்கு எதிராகப் பேசுகிறது, ஐயா.

நம் மரபில் பாடத்திட்டம் ஏது, சான்றிதழ் ஏது என்பது உங்கள் அடுத்த வாதம். இரண்டும் இல்லைதான். காலம் இருந்தது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதிக்கு ஊற்றுக்கண்ணான திருமலை கிருஷ்ணமாச்சாரியார், தன் குரு ராமமோகன பிரம்மச்சாரியிடம் ஏழரை ஆண்டு தங்கிப் படித்ததாகச் சொன்னவர். 1930களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்தி, பிறகு சென்னைக்கு வந்து, 1989-இல் நூறு வயதில் மறைந்தார். அவர் மகன் தேசிகாச்சார் படித்தது எஞ்சினியரிங். அப்பாவிடம் பாடம் கேட்கத் தொடங்கியது 1960களில். சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவியது 1976-இல். சொந்த மகனுக்கே பத்து வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டு மரபின் காலக்கணக்கை மட்டும் வெட்டி எறிய உங்களுக்கு உரிமை தந்தது யார்?

உங்கள் காலக்கணக்கு எந்த மரபிலிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். நான்கு வாரத்தில் ஆசிரியராக்கும் முறையை 1969-இல் மேலைநாட்டு மாணவர்களுக்காகத் தொடங்கியவர், சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர். உங்கள் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கும் 200 மணி நேரம் என்பது, அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு 1999-இல் வகுத்த அளவு. அதாவது பயிற்சியின் நீளத்துக்கு அமெரிக்க அளவுகோல் உங்களுக்கு வேண்டும். அதே அளவுகோல் கேட்கிற உடற்கூறியல் வகுப்பு மட்டும் மேற்கத்தியச் சுமை என்கிறீர்கள். அந்த அமைப்பு உடற்கூறியலுக்கு ஆரம்பத்தில் கேட்டது வெறும் 20 மணி நேரம். 2020-ஐ ஒட்டித் திருத்தியபோது 30 மணியாக்கினார்கள். அதைக்கூடத் தத்துவ உரையால் நிரப்பப் போவதாகச் சொல்கிறீர்கள்.

உடற்கூறியல் மேற்கிலிருந்து வந்து யோகத்தின் தலையில் ஏறியது என்பது வரலாறே இல்லை. 1924-இல் லோனாவலாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் ஒரு யோகி. உட்டியானமும் நௌலியும் செய்யும்போது வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தும் அழுத்தத்தை அளந்தும் பார்த்தவர். முடிவுகளை வெளியிட அதே ஆண்டில் ‘யோக மீமாம்சா’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உடலை அளந்து அறிய வேண்டும் என்று ஒரு யோகியே சொல்லி நூறு வருஷம் ஆகிவிட்டது. அவரையும் தள்ளிவிட்டு நீங்கள் காப்பாற்றப் போகும் மரபு எது?

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று நீங்கள் தட்டிக்கழிக்கலாம். உங்கள் மாணவி நாளை யார் முன்னால் நிற்பாள் என்று யோசியுங்கள். இருபது வயதில் உடம்பை வில்லாக வளைக்கிறவர்கள் அவளிடம் வரப் போவதில்லை. புத்தூரிலும் நகரியிலும் விசைத்தறி முன்னால் வருஷக்கணக்கில் நின்று முழங்கால் தேய்ந்தவர் வருவார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வருவார். மாதவிலக்கு நின்று பத்து வருஷமாகி, எலும்பு வலுவிழந்தது தனக்கே தெரியாத அம்மா வருவார். பிரஷர் இருப்பதைச் சொன்னால் வகுப்பில் சேர்க்க மாட்டார்களோ என்று மறைக்கிறவரும் வருவார்.

அந்த அம்மாவைப் பச்சிமோத்தானாசனத்தில் உட்காரவைத்து, முதுகில் கைவைத்து, இன்னும் கொஞ்சம் குனியுங்கள் என்று உங்கள் மாணவி அழுத்துவாள். எலும்பு நலிந்த பெண்களின் முதுகெலும்புக்கு எந்த உடற்பயிற்சி நல்லது என்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார்கள். முன்னால் குனியும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக எலும்பு நொறுங்கியிருந்தது. பின்னால் நிமிரும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 16 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் யார் முதுகில் கைவைக்கக் கூடாது என்று ஓர் ஆசிரியருக்குப் புரியவைக்க அது போதும்.

சிரசாசனத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், அதைப் பழகியவர்களிடமே சோதித்து, தலைகீழாக நிற்கையில் கண்ணுக்குள் உள்ள அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று 2006-இல் எழுதினார்கள். கண் அழுத்த நோய் உள்ளவரை அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர் தெரிந்துகொள்வது சுமையா? கபாலபாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயுஷ் அமைச்சகம் யோகா தினத்துக்காக வெளியிட்ட 45 நிமிடப் பொதுப் பயிற்சியிலேயே அதற்கு எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது: இதய நோய், உயர் ரத்த அழுத்தம், தலைசுற்றல், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இதைப் படித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். எதிரில் உள்ள முப்பது பேரில் யாருக்கு அது பொருந்தும் என்று கண்டுபிடிக்கத்தான் பயிற்சி வேண்டும். மூச்சு எங்கே அறுபடுகிறது, தாடை எப்போது இறுகுகிறது, சிரித்துக்கொண்டே வலியைப் பொறுக்கிறவர் யார் என்று பார்க்கிற கண் ஆசனம் செய்வதால் வந்துவிடாது. பிறருக்குச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் நிற்கும் மூத்த ஆசிரியர் திருத்தி, மறுபடி சொல்லிக்கொடுத்துத்தான் வரும்.

உங்கள் திட்டம் சரிந்து விழுவது இந்த இடத்தில்தான். 200 மணியை 28 நாளில் அடைத்தால், வாரம் ஒருநாள் ஓய்வு போக நாளுக்கு எட்டு மணிக்கு மேல் வகுப்பு. காலையும் மாலையும் ஆசனம், நடுவில் உரை. யோகா அலையன்ஸின் பழைய அளவுப்படி, வகுப்பெடுத்துப் பழகும் பகுதிக்கு ஒதுக்கியது 10 மணி நேரம்தான்.  அதுவும் உங்கள் மாணவி வகுப்பெடுப்பது உடன் படிக்கும் இளைஞர்களுக்கு. முழங்கால் வலிக்காரர் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஆசிரியராகிவிடுவாள். ஐ.டி.ஐ.யில் தையல் கற்க ஒரு வருஷம், எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு வருஷம். மனித முதுகெலும்பைத் தொடுகிறவருக்கு ஒரு மாதம் என்பதை எந்த நாக்கால் சொல்கிறீர்கள்?

உங்கள் வாதங்களில் நான் மதிக்கிற ஒன்றும் உண்டு. இந்தக் கிராமங்களின் பெண்கள் இரண்டு வருஷம் வேலையை விட்டுப் படிக்க முடியாது, குறுகிய பயிற்சி இருந்தால்தான் அவர்கள் கைக்குக் காசு வரும் என்கிறீர்கள். உண்மை. அதற்காகப் பயிற்சியைக் குறைப்பது அவர்களுக்குச் செய்கிற துரோகம். சான்றிதழை நம்பிக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, முதல் வகுப்பிலேயே ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் ஊர் முன்னால் நிற்கப்போவது அவள். நீங்கள் அதற்குள் அடுத்த அணியைச் சேர்த்திருப்பீர்கள். அவர்கள்மேல் உண்மையான அக்கறை இருந்தால் அதே 200 மணியை மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு வருஷத்துக்குப் பரப்புங்கள். முதல் ஆறு மாதம் கற்கட்டும். அடுத்த ஆறு மாதம் நடக்கிற வகுப்பில் உதவியாளராக, சம்பளத்தோடு நிற்கட்டும். சான்றிதழுக்கு ஆயுஷ் அமைச்சகத்தின் யோகச் சான்றளிப்பு வாரியத் தேர்வு இருக்கிறது. பட்டம் இல்லை என்று அதன் முதல் நிலையில் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமென்றால் யோகப் படிப்பு நடத்தும் தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம் திருப்பதியில், பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. இதில் எதுவும் முடியாத காரியமில்லை. 28 நாளுக்கு ஒருமுறை கட்டணம் வசூலிக்க முடியாது, அவ்வளவுதான்.

கடைசியாக அனுபவம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள். யோகம் அனுபவம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. உங்கள் அனுபவம் உங்கள் உடம்போடு முடிந்துவிடுகிறது. அடுத்தவர் முழங்காலைப் பற்றி அது உங்களுக்கு எதுவும் சொல்லாது. ஒரே ஆசனத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கக் கூடாது என்று கிருஷ்ணமாச்சாரியார் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

அடுத்த துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் மூன்று விவரம் சேருங்கள். உடற்கூறியலை நடத்தப் போவது யார், அவர் என்ன படித்தவர்? ஒவ்வொரு மாணவரும் மூத்த ஆசிரியரின் கண் முன்னால் எத்தனை மணி நேரம் வகுப்பெடுப்பார்? அதில் நோயுள்ளவர்களும் வயதானவர்களும் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? தமிழிலும் தெலுங்கிலும் அச்சிடுங்கள். கட்டணத் தொகையை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, அதே அளவில்.