பெட்டிக்குள் ஒரு நூதனசாலை

சரித்திரம் என்றதும் பெரிய கட்டிடமும் கண்ணாடிப் பெட்டிகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நயினாதீவில் சரித்திரம் ஒரு கல்லில் இருக்கிறது. அங்குள்ள நாகபூஷணி அம்மன் கோயிலில், முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) தமிழில் வெட்டுவித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார்.

பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து கூட வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அந்த ஆணை. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்குக் கப்பலென்றால் சரிபாதி. கரையில் உடைந்த கப்பல் முழுவதும் ஆட்சியாளருக்கே என்ற வழக்கம் பல நாடுகளில் இருந்த காலம் அது! அரபுக் கரையிலிருந்து குதிரைகள் கடலேறித் தென்னாட்டுக்கு வந்த காலமும் அதுதான். இந்த ஆணையைக் கல்லில் மட்டுமல்ல, செம்பிலும் எழுதுவித்தான் மன்னன்.

கல் நின்றுவிட்டது. ஏடும் காகிதமும் அப்படியல்ல. 1981 ஜூன் பிறந்த வேளையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டிடத்தைத் திரும்பக் கட்டினார்கள். ஒரே பிரதியாக இருந்த ஏட்டை எங்கே தேடுவது?

நம் வீடுகளுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். காணி உறுதியா, நிக்காஹ் படமா, மூத்தம்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபா? எதை எடுப்பது, எதை விடுவது? எத்தனையோ பேர் உடுத்த உடையோடுதான் புத்தளம் வந்து சேர்ந்தார்கள்.

மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா? இந்த வாரமே பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். படத்தின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுங்கள். உறுதியையும் கிதாபையும் கைப்பேசியில் படம்பிடித்து, வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். மூத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. இன்ஷா அல்லாஹ், நாளை உங்கள் பேத்தி அதை வாசிப்பாள்.