ஆச்சியின் நாவும் நம் வகுப்பறையும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துரைப்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு. ஆயினும் நம் பாடத்திட்டங்களைப் புரட்டினால் இயலே பெரும்பகுதியை நிறைத்திருக்கக் காண்கிறோம். நாடகம் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார் ஆகியோரின் பெயர்களும் நூல்களும் மனப்பாடம் செய்யப்படுகின்றன. நாடகத் தமிழைத் தம் நாவில் ஏந்தி ஊர் ஊராகச் சென்ற நடிகையர் எந்த வினாத்தாளிலும் இடம்பெறுவதில்லை. அவர்களுள் ஒருவரையேனும் மொழியாசிரியராகக் கருதிப் பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அவர் மனோரமா.

1937இல் மன்னார்குடியில் கோபிசாந்தா என்னும் பெயருடன் பிறந்தவர் அவர். தந்தை கைவிட்ட நிலையில் தாய் இராமாமிர்தம் கைக்குழந்தையுடன் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் தஞ்சம் புகுந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றது. பன்னிரண்டாம் அகவையில் மேடையேறிய சிறுமி, 'பள்ளத்தூர் பாப்பா' எனப் பெயர் பெற்றார். பின்னர் வைரம் நாடக சபாவிலும் எஸ்.எஸ். இராசேந்திரனின் நாடகக் குழுவிலும் நடித்தார். கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதைத் தலைவியானார். அண்ணா, கலைஞர் ஆகியோருடன் மேடையிலும், எம்.ஜி.ஆர்., என்.டி. ராமராவ், ஜெயலலிதா ஆகியோருடன் திரையிலும் நடித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவரைக் கின்னஸ் ஏட்டில் சேர்த்தன. தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றினார். 2002இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2015 அக்டோபர் 10 அன்று மறைந்தார்.

இவை யாவரும் அறிந்தவை. நாம் கருதவேண்டியது அவர்தம் நாவின் ஆற்றலை. செட்டிநாட்டில் இல்லத் தலைவியரை மரியாதையுடன் விளிக்கும் சொல் 'ஆச்சி'. அந்நாட்டிற்கு ஏதிலியாக வந்து சேர்ந்த ஒரு தாயின் மகளைத் தமிழகம் முழுவதும் அச்சொல்லாலேயே அழைத்தது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில்ஜில் ரமாமணி பேசுவது நாட்டுப்புற நாடகக்காரியின் தமிழ். அதே ஆண்டில் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் அவர் தம் குரலிலேயே பாடியது சென்னைத் தமிழ். 'சின்னக் கவுண்டர்' (1992) தாய் பேசுவது கொங்குத் தமிழ். பல்கலைக்கழகங்கள் கிளைமொழி ஆய்வு என வழங்குவதை, எவ்விதப் பட்டமும் பெறாத ஒரு பெண்மணி செவியால் கற்று நாவால் நிகழ்த்திக் காட்டினார்.

திரைப்படம் வட்டாரப் பேச்சை நகைப்புக்கே பயன்படுத்திற்று எனச் சிலர் மறுப்பர். மறுப்பில் உண்மை உண்டு. ஏழைகளும் வேலைக்காரியரும் கொச்சையாகப் பேசுவதும், தலைவனும் தலைவியும் திருத்தமாகப் பேசுவதும் நெடுநாள் மரபாக இருந்தன. ஆனால் அம்மரபுக்குள் நின்றே அதன் பொருளை மாற்றியவர் மனோரமா. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் அவர் ஏற்றது வேலைக்காரி கண்ணம்மாவின் வேடம். படித்தவர்கள் பேசித் தீர்க்க இயலாத வழக்கைத் தெருத்தமிழ் பேசும் கண்ணம்மா தீர்க்க முனைகிறாள். அங்கே நாம் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நாம் கற்கவேண்டிய பாடம்.

இப்பாடம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பணியாற்றும் நமக்கு மிகவும் தேவை. நம் மாணவருள் பலர் தோல் ஷாப்புகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பெற்றோரின் மக்கள். சிலர் இல்லத்தில் உருதுவும் தெருவில் தமிழும் பேசுவோர். மற்றவர் 'கீது', 'வந்துகினு', 'வர்ச்சொல்ல' என்னும் வட ஆர்க்காட்டுத் தமிழில் வளர்ந்தோர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், தம் தந்தையார் தோலைத் தரம் பிரிக்கும் முறையை வகுப்பில் எழுந்து விளக்கினார். விரலால் தடவியே தோலின் தன்மையை அறியும் அந்நுட்பத்தை அவர் அழகுறச் சொன்னார். ஆனால் அவருடைய ழகரம் லகரமாக ஒலித்தது. 'கீது' இடையிடையே வந்தது. வகுப்பு நகைத்தது. நகைத்தோரை நாம் கண்டிக்கவில்லை; அம்மாணவரின் ழகரத்தைத் திருத்தினோம். அப்பருவம் முடியும்வரை அவர் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றார் என்பது நமக்கு ஆறுதலன்று. ஒரு தமிழாசிரியரால் ஒரு தமிழ் நா அடங்கியது என்பதே நம் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

அன்று நகைத்த மாணவரைக் குறை கூறிப் பயனில்லை. 'நம்பள்', 'நிம்பள்' எனப் பேசும் பொம்மை முஸ்லிம்களைத் திரையில் பார்த்துச் சிரித்துப் பழகிய சமூகம் இது. அவ்வாறு பேசும் ஒருவரை நம் ஊர்க் கடைத்தெருவில் நாம் கண்டதில்லை. இன்னொன்றும் எண்ணத்தக்கது. சென்னைத் தமிழின் சுவைக்குக் காரணமான நாஷ்டா, பேஜார், உஷார், ஜல்தி, கில்லாடி முதலியன உருது, இந்துஸ்தானி வழி வந்த சொற்கள். வக்கீல், ஜாமீன், வசூல், பாக்கி இன்றி நம் அன்றாட வாழ்வும் நடப்பதில்லை. சென்னைத் தமிழைக் கேட்டு மகிழ்பவர், தம் வகுப்புத் தோழரின் பேச்சில் உருதுவின் சாயல் கேட்டால் நகைப்பது முறையோ? திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இலக்கணத்தில் இடம் வகுத்த தொல்காப்பியருக்கு இருந்த அகன்ற உள்ளம் நமக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

நடிப்புத் தொழிலை விரும்பாத இல்லங்கள் நம்மிடையே உண்டு. அவர்தம் உணர்வை மதிக்கிறோம். நம் பிள்ளைகள் நடிகராக வேண்டும் என்பது நம் கருத்தன்று. பிறர் பேச்சுக்கு மதிப்பளித்துச் செவிசாய்க்கும் பண்பை ஒரு நடிகையிடமிருந்தும் கற்கலாம் என்பதே நம் கருத்து. எழுத்துத் தமிழின் திருத்தத்தையும் நாம் கைவிடச் சொல்லவில்லை. ழகரத்தைக் கற்பிப்பது நம் கடமை. ஆனால் மாணவர் சொல்ல வந்ததை முழுமையாகக் கேட்ட பின்னர் கற்பிப்போம்.

கி. இராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதி தந்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குத் தந்தார். பாலாற்றங்கரையின் தோல் தொழிலுக்கும் அத்தகைய நூல் ஒன்று வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் கைத்தொழில் இயந்திரத்துக்கு இடம்விட்டது. அத்தொழிலின் சொற்களும் அவர்களோடு மறையும் முன்னர் நம் மாணவர் குறிப்பேட்டுடன் சென்று தொகுக்கட்டும். தந்தையிடம் கேட்டு ஒரு சொல், தாயிடம் கேட்டு ஒரு சொல் என ஒவ்வொருவரும் பத்துச் சொற்கள் கொணர்ந்தால் போதும். நம் துறையே ஓர் அகராதியைத் தொடங்கிவிடலாம்.

முதற்சொல்லைத் தருமாறு அன்று நாம் வாயடைத்த அம்மாணவரையே அழைக்க விரும்புகிறோம். அவர் எழுந்து பேசும்போது இம்முறை நாம் குறுக்கிடமாட்டோம்.